செங்காந்தளும் இதயத் தமனி அழற்சியும்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, முருகனின் ஐந்தாம் படைவீடாகப் போற்றப்படுகிறது. சூரனுடன் போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பது தலபுராணம். தணிகை என்ற பெயருக்கும் அதுவே விளக்கம். முருகனுக்கு உரிய மலர் செங்காந்தள். திருமுருகாற்றுப்படை அவரைக் காந்தள் கண்ணி சூடியவராகப் பாடுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. இச்செடியின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாக இதற்கு அமெரிக்கா 2023 இல் ஒப்புதல் அளித்தது. இம்மருந்து கொழுப்பைக் குறைப்பதில்லை, அழற்சியைத் தணிக்கிறது. இதய மருத்துவம் அழற்சியின் பக்கம் திரும்ப நெடுங்காலம் ஆனது.

அடைப்புக் கருத்து

காயம்பட்ட இடத்தில் வெள்ளையணுக்கள் திரள, அவ்விடம் சிவந்து வீங்குவது அழற்சி. தமனிச் சுவரிலும் இது நிகழ்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே கருதினார். ஆனால் குழாயில் கசடு சேர்வதுபோலக் கொழுப்பு படிந்து தமனி அடைபடுவதே மாரடைப்பு என்ற எண்ணம் பின்னர் மேலோங்கியது. 1958 இல் அமெரிக்காவில் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த கரோனரி ஆஞ்சியோகிராம் முறை அதற்கு வலுச் சேர்த்தது. அம்முறையில் தமனியின் குறுகல் தெரியும். சுவரின் அழற்சி தெரியாது.

1999 இல் ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று விரிவாக எழுதினார். சிறிய கொழுப்புப் படிவின் மேலுறையையும் வெள்ளையணுக்கள் அரித்து மெலியச் செய்கின்றன. உறை கிழிந்தால் அங்கே இரத்தம் கட்டிக்கொள்கிறது. அதுவரை தடையின்றி இரத்தம் ஓடிய தமனியும் திடீரென அடைபடுகிறது.

ஆய்வுகள்

2017 இல் வெளிவந்த கேண்டோஸ் ஆய்வில், முன்பே மாரடைப்பு கண்ட 10,061 பேர் பங்கேற்றனர். அழற்சியை மட்டும் குறைக்கும் கனகினுமாப் ஊசி, கெட்ட கொழுப்பின் அளவை மாற்றாமலே மறு மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் அம்மருந்தால் தொற்று நோய் இறப்புகள் சற்றே கூடின.

2024 இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இதய சி.டி. ஸ்கேன் எடுத்த 40,091 பேரின் விவரங்களை வெளியிட்டனர். ஐந்தில் நால்வருக்குப் பெரிய அடைப்பு இல்லை. ஆயினும் பின்னர் இதய நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் இவர்களே. தனி ஒருவருக்கு ஆபத்து அதிகம் என்னவோ அடைப்பு உள்ளவருக்குத்தான். அடைப்பில்லாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதால் இறப்பும் அவர்களிடம் மிகுந்தது. தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சியின் அறிகுறி கூடியவர்களுக்கு, பெரிய அடைப்பு இல்லாவிடினும் ஆபத்து உயர்ந்திருந்தது.

மருந்தும் நஞ்சும்

கோல்ச்சிசினை 1820 இல் பிரான்சில் பெல்லெட்டியேயும் கவந்தூவும் செங்காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிகம் செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். நெடுங்காலம் அது மூட்டு வீக்கத்துக்கே பயன்பட்டது. 5,522 இதய நோயாளிகளிடம் நடந்து 2020 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 0.5 மில்லிகிராம் அளவு மாரடைப்பு முதலிய பாதிப்புகளை 31 விழுக்காடு குறைத்தது. 2024 இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே தொடங்கியவர்களுக்குப் பயன் தென்படவில்லை. விவாதம் தொடர்கிறது.

திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட உழவர்கள் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு. மருத்துவர் அளந்து தரும் மாத்திரைக்குச் செடி மாற்றாகாது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்பதற்காகப் புகைபிடிப்பதையோ, இரத்த அழுத்தத்தையோ, சர்க்கரையையோ கவனியாமல் விடுவதற்கும் இடமில்லை.