பட்டோடியும் இந்தியச் சுழற்பந்து வீச்சும்

மன்சூர் அலி கான் பட்டோடி (1941–2011) இந்திய கிரிக்கெட் அணிக்கு 40 டெஸ்ட் போட்டிகளில் தலைமை வகித்தவர். அவற்றுள் வெற்றி 9, தோல்வி 19, சமநிலை 12. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பெருமைப்படத்தக்க கணக்கு அன்று. ஆயினும் இந்திய அணி வெளிநாட்டு மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியையும் முதல் தொடர் வெற்றியையும் பெற்றது இவரது தலைமையில்தான். வேகப்பந்து வீச்சில் வலுவில்லாத அணி, தன்னிடம் இருந்த சுழற்பந்து வீச்சையே முதன்மை ஆயுதமாக்கிக் கொண்ட வரலாறு இது.

தலைமை ஏற்ற சூழல்

1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் பட்டோடியின் வலது கண் பார்வை பறிபோனது. அடுத்த ஆறு மாதங்களில் அவர் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார்.

அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில், அணித்தலைவர் நாரி காண்டிராக்டர் சார்லி கிரிஃபித்தின் பந்து தலையில் பட்டுப் படுகாயமடைந்தார். 21 வயது பட்டோடி அணித்தலைவரானார். அந்தத் தொடரில் இந்தியா 5–0 எனத் தோற்றது.

இருப்பதைக் கொண்டு கட்டிய அணி

1930களில் முகமது நிசார், அமர் சிங் இணை விளையாடிய பின்னர், எதிரணியை அச்சுறுத்தும் வேகப்பந்து இணை இந்தியாவுக்கு அமையவில்லை. பட்டோடி இல்லாத வேகத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இருப்பவர்களில் சிறந்த பந்து வீச்சாளர்கள் யாரோ, அவர்களே ஆட வேண்டும் என்று கருதினார். அவர்கள் சுழற்பந்து வீச்சாளர்களாக இருந்தனர்.

சிறு வயதில் போலியோவால் வலது கை பாதிக்கப்பட்ட பி. எஸ். சந்திரசேகர், 1964இல் பட்டோடியின் தலைமையில் 18 வயதில் அறிமுகமானார். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 1965இல் நியூசிலாந்துக்கு எதிராக அறிமுகமானார். அத்தொடரின் டெல்லி டெஸ்டில் 12 விக்கெட்டுகள் வீழ்த்தியபோது அவருக்கு வயது 19. பிஷன் சிங் பேடி 1966 இறுதியில் கொல்கத்தாவில் அறிமுகமானார். பொறியியல் படிப்புக்காக ஒதுங்கியிருந்த ஈ. ஏ. எஸ். பிரசன்னா ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1967இல் அணிக்குத் திரும்பினார்.

இந்த வீச்சுக்கு மட்டையாளர் அருகில் நின்று கேட்ச் பிடிப்பவர்கள் தேவை. எனவே பட்டோடி களத்தடுப்புக்கு முதலிடம் கொடுத்தார்; தாமே முன்மாதிரியாக நின்றார். மாநில வாரியாகப் பிரிந்து பழகிய வீரர்களிடம், ஆடுவது இந்தியாவுக்காக என்ற எண்ணத்தை வளர்த்தவர் அவர் என்று பேடி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

தொடர் தோல்விகள்

இந்த முயற்சி உடனே பலன் தரவில்லை. 1967இல் இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளிலும் இந்தியா தோற்றது. எட்ஜ்பாஸ்டனில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்களும் ஒரே அணியில் ஆடினர். நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். புதிய பந்தை வீச ஆளில்லாததால், விக்கெட் காப்பாளரான புதி குந்தெரன் பந்து வீச்சைத் தொடங்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்து 132 ஓட்டங்களில் வென்றது.

அடுத்து ஆஸ்திரேலியாவில் 4–0 எனத் தோல்வி. காயத்தால் முதல் டெஸ்டில் ஆடாத பட்டோடி, மெல்போர்னில் 75, 85 ஓட்டங்கள் எடுத்தும் பயனில்லை. சந்திரசேகர் காயமுற்று நாடு திரும்பினார். ஆனால் பிரசன்னா அத்தொடரில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். ஏழு டெஸ்டுகளில் தொடர்ந்து தோற்ற நிலையிலும் பட்டோடி அவரிடமே பந்தைக் கொடுத்தார்.

நியூசிலாந்து வெற்றி

1968 பிப்ரவரியில் டனிடின் நகரில் பிரசன்னா இரண்டாம் இன்னிங்ஸில் 94 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்தியா 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய நாட்டுக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் வெற்றி இது.

கிறைஸ்ட்சர்ச்சில் நாணயச் சுழற்சியில் வென்ற பட்டோடி எதிரணியை முதலில் ஆட அழைத்தார். கிரஹாம் டவ்லிங் 239 ஓட்டங்கள் குவிக்க, நியூசிலாந்து வென்றது. அந்தத் தவறான முடிவுக்குப் பின்னும் அணி குலையவில்லை. வெலிங்டனில் 8 விக்கெட் வித்தியாசத்திலும், ஆக்லாந்தில் 272 ஓட்டங்களிலும் வென்று தொடரை 3–1 எனக் கைப்பற்றியது. பிரசன்னா 24, பேடி 16 விக்கெட்டுகள் எடுத்தனர்.

மதிப்பீடு

பட்டோடியின் தேர்வுகளுக்கு மறுபக்கமும் உண்டு. பிரசன்னா, வெங்கட்ராகவன் இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள். பெரும்பாலும் ஒருவருக்கே இடம் கிடைத்தது. பட்டோடி பிரசன்னாவை நம்பினார். 1971இல் தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட்டின் வாக்கால் பட்டோடி பதவி இழந்து அஜித் வடேகர் தலைவரானபோது, வெங்கட்ராகவன் துணைத் தலைவரானார். அவ்வாண்டு மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடர்களை வென்றது. ஓவல் டெஸ்டில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தவர் சந்திரசேகர். பட்டோடி விதைத்ததை வடேகர் அறுவடை செய்தார் எனலாம்.

1974–75இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பட்டோடி மீண்டும் தலைவரானார். முதல் இரண்டு டெஸ்டுகளில் தோற்ற இந்தியா கொல்கத்தாவிலும், பொங்கலையொட்டிச் சென்னை சேப்பாக்கத்திலும் வென்று தொடரைச் சமன் செய்தது. சென்னையில் பிரசன்னா 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மும்பையில் நடந்த இறுதி டெஸ்டில் இந்தியா தோற்றது. அதுவே பட்டோடியின் கடைசி டெஸ்டும் ஆனது.

வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுந்த இந்தத் தலைமை, தோல்வியின் நடுவிலும் பந்து வீச்சாளர்மேல் வைத்த நம்பிக்கைக்காகவே நினைக்கப்படுகிறது.