வடிவமும் ஆவியும்: தொடக்ககாலக் குவேக்கர் வழிபாட்டுக் கோட்பாடு

முன்னுரை

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் இயக்கம், மெய்வழிபாடு எது, பொய்வழிபாடு எது என்னும் வினாவை முதன்மையாகக் கருதியது. அவ்வியக்கத்தார் அளித்த விடையையும், அவ்விடை அவர்களுக்குள்ளேயே எழுப்பிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொய்வழிபாடு

இயக்கத்தின் முன்னோடியான ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691), ஆலயக் கட்டடத்தைத் திருச்சபை என்று அழைக்க மறுத்து, ‘ஊசிக்கோபுர வீடு’ என்றே குறிப்பிட்டார். தசமபாகம் பெற்றுப் போதிக்கும் குருமாரைக் கூலியாட்கள் எனக் கண்டித்தார். நீரால் அளிக்கப்படும் திருமுழுக்கையும், அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தையும் குவேக்கர் கைவிட்டனர்.

இக்கருத்துகளுக்கு இறையியல் ஒழுங்கு தந்தவர் ஸ்காட்லாந்தினரான இராபர்ட் பார்க்லே. 1676இல் இலத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவரது ‘அப்பாலஜி’ நூலின் பதினைந்து கோட்பாடுகளுள் பதினொன்றாவது வழிபாடு பற்றியது. மனிதன் தன் விருப்பப்படி தொடங்கி முடிக்கும் துதியும் மன்றாட்டும் போதனையும் பொய்வழிபாடே என்பது அவர் முடிவு. எழுதிவைத்த செபநூலை ஓதினும், அவ்வப்போது சொந்தச் சொல்லால் வேண்டினும், இவ்விதி பொருந்தும். ஆகவே இக்கண்டனம் ஆங்கிலிக்கரோடு நில்லாமல், செபநூலை வெறுத்த பியூரிட்டன்களையும் தாக்கியது.

மெய்வழிபாடு

ஆவியின் ஏவுதலுக்காக ஒன்றுகூடி மௌனமாய்க் காத்திருத்தலே மெய்வழிபாட்டின் தொடக்கம். மௌனமும் தன்னளவில் வழிபாடாகாது. உள்ளத்தில் காத்திருத்தல் இல்லையெனில் அதுவும் வெற்று வடிவமே. ஏவப்பட்டவர் எவரும் பேசலாம் என்பதால் பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டு. இதனை மார்கரெட் பெல் 1666இல் தனி நூலாக வாதிட்டார்.

இக்கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. குடும்பத்தாரல்லாதோர் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசுத் திருச்சபை முறைக்குப் புறம்பாக வழிபடக் கூடுவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. எனினும், மறைவிடம் தேடாமல் வெளிப்படையாகவே கூடிய குவேக்கர் பலர் சிறைப்பட்டனர்.

அகச்சிக்கல்

1661இல் உரோமைச் சிறையிலிருந்து மீண்ட ஜான் பெரட், செபவேளையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றும் வழக்கமும் மனிதர் வகுத்த வடிவமே என்றார். பின்னர்க் கூட்டத்திற்கு நேரம் குறிப்பதையும் மறுத்தார். குவேக்கர் பிறரை அளந்த அதே அளவுகோலால் அவர் குவேக்கரையே அளந்தார். பாக்ஸ் அவரை எதிர்த்தார். 1666இல் இயக்கத் தலைவர்கள் விடுத்த அறிக்கை, தனிமனிதரின் ஏவுதல் சபையின் தீர்ப்புக்கு உட்பட்டது என வரையறுத்தது.

முடிவுரை

வழிபாட்டின் மெய்ம்மையை அதன் ஊற்றைக்கொண்டு அளந்த குவேக்கர், அவ்வூற்றை அறிந்து தீர்ப்பளிக்கும் பொறுப்பை இறுதியில் கூட்டத்திடமே ஒப்படைத்தனர். குருவை நீக்கிய இயக்கம் ஒழுங்கை நீக்கவில்லை. அது நிலைத்ததற்கும், பெரட் போன்றோர் விலகியதற்கும் இதுவே காரணமாயிற்று.