பிஸ்டன் வாங்க முன் எண்ணெயைப் பாருங்க

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய எஞ்சினைக் கழட்டித் திரும்பக் கட்டுவதுதான் எங்களுக்கு வழியாக இருந்தது. "கட்டுறதே கட்டுறோம், ஃபோர்ஜ்ட் பிஸ்டனே போட்டா என்ன?" என்ற பேச்சும் கூடவே வந்தது.

பதில் கல்பிட்டிக் கரையிலேயே இருக்கு. அங்கே மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாறும். சிலிண்டருக்குள் நெருக்கம் கூடினால் மண்ணெண்ணெய் முந்திப் பற்றி, 'நொக்' அடித்து, பிஸ்டனையே உடைக்கும். அதனால் அந்த எஞ்சின்களில் நெருக்க விகிதம் குறைவு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடியதும் இதனால்தான். புது எஞ்சினில் அந்த வித்தை பலிக்காது.

அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் வலுதான், மறுக்கவில்லை. ஆனா சூட்டில் கூட விரியும். சிலிண்டரில் இடைவெளி கூட விடணும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டும். 12 வீதமளவு சிலிக்கன் சேர்ந்த 4032 கலவை குறைவாக விரியும். டர்போ, பந்தயம் என்றால் 2618. புத்தளம் சந்தைக்குப் போய்வர வார்ப்பு பிஸ்டனே போதும் என்பது எங்கள் கட்சி.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. எஞ்சின் நல்லா இருந்தும் பல படகுகள் கடலுக்குப் போகவில்லை.