நெருப்பு நடந்த பாதை

லூமுட் என்றால் மலாய் மொழியில் பாசி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அந்தப் பெயருள்ள துறையிலிருந்து படகேறி, பங்கோர் தீவின் தென்பக்கமுள்ள தெலுக் கெடுங் கிராமத்துக்குப் போனால், கூரையில்லாத ஒரு செங்கல் கட்டடம் நிற்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஈயத்தைச் சேர்த்து வைக்க 1670-ல் எழுப்பிய கோட்டை அது. 1690-ல் மலாய்க்காரர்கள் தாக்கிச் சிதைத்தார்கள். 1743-ல் டச்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். ஐந்தே வருடத்தில், 1748-ல், காவற்படை வெளியேறியது. 1973-ல் அருங்காட்சியகத் துறை சீர்செய்ததால் இன்று பார்க்கச் சுவராவது இருக்கிறது.

வருகிறவர்கள் ஆண்டைப் படிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். இந்தச் செங்கல் எந்த நெருப்பில் வெந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் எளிது. அந்தக் காலத்தில் ஹாலந்தானாலும் தஞ்சாவூரானாலும் சூளைக்கு ஒரே கணக்குத்தான்: அடுக்கு, மூட்டு, ஆறவிடு, பிரி.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னமும் அந்த வேலையைப் பார்க்கலாம். மண்ணை மிதித்து, அச்சில் கல் அறுத்து, வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லை மேடாக அடுக்குவார்கள். அடியில் விறகு நுழைய வரிசையாக வாய் விடுவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்க வேண்டும்; தீ ஏறும் வழி அதுதான். வெளியே சேறு பூசி மூட்டினால் இரண்டு மூன்று நாள் எரியும். ஆறுவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முதலில் வருவது வெறும் ஈரப் புகை. 450 டிகிரியைத் தாண்டியதும் களிமண்ணின் உள்ளே கட்டுண்டிருந்த நீர் பிரியத் தொடங்கும். 573 டிகிரியில் மண்ணோடு கலந்த மணல் உருமாறிச் சற்றே பருக்கும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைப் பிரிப்பவருக்குக் கல் கீறிப்போவது இதனால்தான். 900 டிகிரிக்கு மேல் துகள்களின் ஓரம் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். மண் கல்லாவது அங்கேதான்.

பிரிக்கும்போது சூளையின் ஓரவஞ்சனை தெரியவரும். தீவாய்க்கு அருகிலிருந்த கல் உருகிப் பிணைந்து கறுத்திருக்கும். ஓரத்துக் கல் வெளிறிக் கிடக்கும். இரண்டு கல்லை மோதிப் பார்த்தால் வெந்தது கணீரென்னும், வேகாதது மொத்தென்னும். அரைவேக்காடு என்று ஆளைத் திட்டும் பழக்கம் சமையலறையில் பிறந்திருக்கலாம். சூளை மேட்டிலும் அந்தச் சொல்லுக்கு நிறைய வேலை உண்டு.

வீணாவது கல் மட்டுமல்ல. சூளை ஆறும் அத்தனை நாளும் கல்லில் ஏறிய சூடு காற்றோடு போகிறது. எரியும்போது புகையோடு போகிறது. அடுத்த சூளை மறுபடி குளிர்ந்த மண்ணிலிருந்து தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படியே கழிந்தன. கெடாவில், நம்மவர்கள் கடாரம் என்று அழைத்த மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழங்கோயில்களின் செங்கல் அடித்தளங்களும் இதே முறையின் பிள்ளைகள்தான்.

செங்கல்லுக்கு இன்னொரு குணம், கனம். வெகுதூரம் சுமந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஊர் எங்கே வளர்கிறதோ அங்கே சூளையும் போய் உட்காரும். ஊர் பெருத்ததும் சூளையை விரட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும். சென்னையில் சூளை, சூளைமேடு, மதுரையில் காளவாசல். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸும் அந்த வகைதான். 1881-ல் முதலில் தீ, பிறகு வெள்ளம் என்று ஊர் இரண்டு முறை அழிந்தது. மறு வருடம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சுவரும் போதும், இனி செங்கல்லும் ஓடும்தான் என்றார். சீனர்களின் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் சூளை போட்ட இடத்துக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு ரயில்வே வந்தது, தமிழர்கள் வந்தார்கள், கோயில்கள் வந்தன. 2010-ல் அது அதிகாரபூர்வமாக லிட்டில் இந்தியா ஆனது. செங்கல் மட்டும் அங்கே இல்லை.

அதற்கெல்லாம் முன்பே ஐரோப்பாவில் ஒருவர் சூளையின் வீண்செலவைக் கணக்குப் போட்டுவிட்டார். ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் 1858-ல் காப்புரிமை பெற்ற வளையச் சூளை, செங்கல் தொழிலின் மிகப் பெரிய யோசனை என்று சொன்னால் மிகையில்லை. அவர் புதிய எரிபொருளைக் கண்டுபிடிக்கவில்லை, புதிய மண்ணையும் அல்ல. கல்லை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, நெருப்பை நடக்கவைத்தார்.

நடுவில் உயரமான புகைபோக்கி, அதைச் சுற்றி வளையமாக ஒரு சுரங்கம், அதில் பன்னிரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்வோம். இன்று தீ ஏழாவது அறையில் எரிகிறது. முதலாவது அறையில் ஆட்கள் வெந்த கல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் வாசல் வழியே காற்று நுழைகிறது. இரண்டு முதல் ஆறு வரையிலான அறைகளில் ஆறிக்கொண்டிருக்கும் கல்லுக்கு நடுவே அது ஊர்கிறது. கல் குளிர்கிறது, காற்று கொதிக்கிறது. அந்தக் கொதித்த காற்று ஏழாவது அறையை அடையும்போது, கூரைத் துளை வழியே தூவும் கரித்தூள் பற்றி எரிகிறது. பிறகு அந்தச் சூட்டுப் புகை நேரே வானத்துக்குப் போவதில்லை. எட்டு முதல் பதினொன்று வரை அடுக்கிய பச்சைக்கல்லின் ஈரத்தை உறிஞ்சி, அதைச் சூடேற்றி, சக்தி தீர்ந்தபின்தான் புகைபோக்கிக்கு ஏறுகிறது. பன்னிரண்டாவது அறையில் புதுக் கல் அடுக்குகிறார்கள். அதற்கும் பதினொன்றாவதற்கும் நடுவே தடுப்பு எது தெரியுமா? காகிதம். இத்தனை பெரிய நெருப்பைக் கட்டிப்போட ஒட்டிய காகிதத் திரை போதும். தீ நெருங்கும் முறை வந்ததும் அது கருகிப்போகும். மறுநாள் எல்லாம் ஓர் அறை நகரும். ஒருமுறை மூட்டிய தீ மாதக்கணக்கில் அணைவதில்லை. எரிபொருள் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் ஹாஃப்மனுக்குப் பெரும் பரிசு கிடைத்தது.

யோசனை பிரமாதம்தான், விலைதான் உறுத்தியது. வளைந்த கூரை, கனத்த சுவர், பெரிய புகைபோக்கி என்று சூளை கட்டவே இலட்சக்கணக்கில் செங்கல் வேண்டும். இந்தியாவில் புல் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1876-ல் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். கூரையையே எடுத்துவிட்டார். தரையில் வளையமாகக் குழி. அதில் கல்லை அடுக்கி, மேலே செங்கல்லும் சாம்பலும் பரப்பினால் அதுவே மூடி. புகைபோக்கி இரும்புத் தகடு. தீ நகர நகர ஆட்கள் அதைத் தூக்கி முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை சிந்து-கங்கைச் சமவெளி முழுவதும் இது பரவியது. தெற்கே ஏரி வண்டலை நம்பிய சிறு சூளைக்காரர்களிடம் அது அவ்வளவாக எடுபடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் சேம்பர் செங்கல் என்று விற்கிறார்களே, அந்தப் பெயரில் அறை அறையாகச் சுடும் முறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றது நாட்டுக்கல்.

புல் சூளையில் தீ போடுகிறவர் நிற்பது சூளைக்கு வெளியே அல்ல, அதன் தலைமேல். காலடியில் ஆயிரம் டிகிரி; நடுவே ஒரு சாண் சாம்பல். ரப்பர் செருப்பு உருகிவிடும் என்பதால் மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு, துளையின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, தீயின் நிறத்தை வைத்துக் கரி போடுவார்கள். கரும்புகை வந்தால் போட்டது அதிகம். ஹாஃப்மனுக்கும் புல்லுக்கும் வரலாற்றில் பெயர் இருக்கிறது. இந்தக் கண்ணுக்கு இல்லை.

பேராக்கில் இந்தியச் செங்கல்லின் பெயர் சொல்ல ஒரு மாளிகை உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் பத்து காஜா அருகே தம் ரப்பர் தோட்டத்தில் 1915-ல் பெரிய மாளிகை எழுப்பத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. கட்டுவதற்கு மெட்ராஸிலிருந்து ஆட்களும் வந்தார்கள். களிமண்ணுக்குப் பஞ்சமில்லாத கிந்தாப் பள்ளத்தாக்குக்குக் கடல் தாண்டிக் கல் வருவது துரைத்தனம்தான், வேறென்ன. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் பரவிய ஸ்பானிய ஃபுளூ காய்ச்சல் அந்த ஆட்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் கெல்லி மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தார். கோயில் கூரைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார். 1926-ல் கெல்லி லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது.

தோட்டத்துத் தமிழர்களுக்கும் சூளைக்கும் இன்னொரு உறவும் உண்டு, அதிகம் பேசப்படாதது. ரப்பர் பால்மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் சாய்த்துவிடுவார்கள். 1980-களில் மேசை நாற்காலிக்கு ஏற்ற மரமாக அது மதிப்புப் பெறும்வரை அதற்கு விறகு என்றுதான் பெயர். செங்கல் சூளைக்கும் போனது, புகையிலை பதப்படுத்தவும் போனது, ரப்பர்ப் பால் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் போனது. பிறை என்ற ஊரிலிருந்த மலாயாவாத்தா இரும்பாலை ரப்பர்மரக் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. விடியற்காலையில் எழுந்து பால் வெட்டியவர்களின் மரம், பட்டணத்து வீட்டின் செங்கல்லை வேகவைத்தது.

லூமுட்டிலிருந்து வடக்கே போனால் கோல செப்பெத்தாங்கில் வேறு மாதிரிச் சூளை. மாத்தாங் சதுப்பு நிலக் காட்டின் பாக்காவ் மரத்தைக் கரியாக்கும் கவிழ்த்த குடம் போன்ற செங்கல் கூடுகள். செங்கல் சூளையில் விறகு முழுதும் எரிய வேண்டும். இங்கே எரியவே கூடாது, வெந்து வற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும் அந்த வேலையில் பக்குவம் சொல்வது புகையின் மணம். வெப்பமானி இல்லாமலேயே நாளைத் தீர்மானிக்கும் மூக்குகள் அங்கே உண்டு.

நெருப்பை நடக்கவைக்கலாம் என்றால், நெருப்பை நிறுத்திக் கல்லை நடக்கவைத்தால் என்ன? பெரிய ஆலைகளின் சுரங்கச் சூளையில் வண்டியில் ஏறிய கல் ஒரு பக்கம் பச்சையாக நுழைந்து மறுபக்கம் சிவந்து வெளிவருகிறது. சீனாவில் 1950-களின் கடைசியில் இதையே செங்குத்தாகச் செய்தார்கள். மேலே கல்லையும் கரியையும் சேர்த்து அடுக்குவது, நடுவில் தீ நிற்பது, சில மணிக்கு ஒருமுறை கீழே திருகு நெம்புகோலால் ஓர் அடுக்கை இறக்கி எடுப்பது. ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கல் தயார். 1996-ல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு அது மத்தியப் பிரதேசத்தின் தத்தியாவுக்கு வந்தது. ஒரு கிலோ செங்கல் சுட அதற்கு 1 மெகாஜூலுக்குள் போதும். புல் சூளைக்குச் சுமார் 1.2, அறையில் வைத்துச் சுட்டு ஆறவிடும் பழைய கீழ்நோக்குச் சூளைக்கு 3-ஐ நெருங்கும். ஆனாலும் செங்குத்துச் சூளை பெரிதாகப் பரவவில்லை. எல்லா மண்ணும் அந்த வேகத்தில் சூடேறுவதைத் தாங்காது, கீறிவிடும்.

வென்றது என்னவோ சின்ன மாற்றம்தான். புல் சூளைக்குள் கல்லை நேராக அடுக்காமல், காற்று இடமும் வலமுமாக வளைந்து போகும்படி அடுக்குவது. பாதை நீளும், காற்று சுழலும், கரி மிச்சமின்றி எரியும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே இந்த ஜிக்ஜாக் முறையைச் சொன்னது, கேட்க ஆளில்லை. நேபாளத்தில் 2015 நிலநடுக்கம் சூளைகளை இடித்துப் போட்டபின், எப்படியும் கட்டத்தானே வேண்டும் என்று பலர் இந்த முறையில் கட்டினார்கள். இந்திய அரசு 2022 பிப்ரவரியில் புதுச் சூளைக்கு ஜிக்ஜாக், செங்குத்து முறை அல்லது குழாய் எரிவாயு என்று கட்டாயமாக்கியது.

வங்காளதேசம் இதில் ஒரு பாடம். அங்கே பெரும்பாலான சூளைகள் பெயரளவில் ஜிக்ஜாக் ஆகியும் கரிச்செலவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. 276 சூளைகளை வைத்து நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் புதிதாக எதையும் கட்டவில்லை. காற்று புகும்படி அடுக்குவது, ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் தீ போடுவது, சூடு வெளியே கசியும் சந்துகளை அடைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 65 சதவீதச் சூளைகள் ஏற்றுக்கொண்டன. ஏற்றவற்றில் எரிசக்திச் செலவு 23 சதவீதம் குறைந்தது. மாற்றம் பெற்றது சூளையின் சுவரல்ல, அடுக்கும் கை.

சூளை எவ்வளவு திருந்தினாலும் மண்ணுக்கு அது பதில் சொல்லாது என்பதையும் மறைக்க முடியாது. கோயம்புத்தூருக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை ஆழ ஆழத் தோண்டியது யானைகளின் வழியையே பள்ளமாக்கிவிட, 2021-ல் 180-க்கும் மேற்பட்ட சூளைகள் ஒரேயடியாக மூடப்பட்டன.

பங்கோர் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் பத்து காஜா வழியாக வாருங்கள். கெல்லி மாளிகையில் பூச்சு ஏறாத சுவர்கள் இருக்கின்றன. கருஞ்சிவப்பாக இருப்பது தீக்கு அருகில் இருந்த கல், வெளிறியிருப்பது ஓரத்துக் கல். தட்டிப் பார்க்கக் காவலர் விடுவாரா என்பது வேறு விஷயம்.