முதல்நபர் சுடுவிளையாட்டுகளில் போர்முறையும் தோட்டாக் கணக்கும்

ஆடுபவர் தன் பாத்திரத்தின் கண்வழியே களத்தைப் பார்த்து, கையில் ஏந்திய ஆயுதத்தால் எதிரிகளை வீழ்த்தி முன்னேறும் கணினி விளையாட்டு வகை முதல்நபர் சுடுவிளையாட்டு. 1992 தொடங்கி 1998 வரை வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி, டூம், டியூக் நியூகம் 3டி, குவேக், ஹாஃப்-லைஃப் போன்றவை இவ்வகையின் செவ்வியல் படைப்புகள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு இவை விரல் வேகத்தின் ஆட்டம். ஆடி ஊறியவருக்கோ இவை கையிருப்பின் ஆட்டம். எந்த எதிரிக்கு எந்த ஆயுதம், எத்தனை குண்டு, ஒன்றுமே செலவழிக்காமல் அவனைத் தாண்டிப் போக வழி உண்டா என்ற கணக்கு ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மனத்தில் ஓடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்தப் புத்தி இல்லாமல் இந்த விளையாட்டுகளின் கடினமான நிலைகளை யாரும் கடந்ததில்லை.

வுல்ஃபென்ஸ்டைன்: ஒரே பையில் 99 குண்டுகள்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1992 மே 5 அன்று வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டில் நாஜிகளின் கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக்க வேண்டும். கையில் ஒரு கத்தி, ஒரு பிஸ்டல், 8 குண்டுகள். பிறகு கிடைக்கும் மெஷின் கன்னும் செயின்கன்னும் அதே குண்டுகளைத்தான் தின்னும். எல்லாவற்றுக்கும் ஒரே பை, அதிகபட்சம் 99. ஆயுதம் பெரிதாகப் பெரிதாகப் பை வேகமாகக் காலியாகும் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. புதிதாக ஆடுபவர் செயின்கன் கிடைத்த மகிழ்ச்சியில் விசையை அழுத்திப் பிடித்திருப்பார். சிறிது நேரத்தில் கையில் கத்தி மட்டும் நிற்கும்.

காவலன் செத்து விழும்போது 4 குண்டுகளை விட்டுச் செல்வான். அவனை நெருங்கிச் சுட்டால் ஒன்றிரண்டு குண்டிலேயே விழுவான், மிச்சம் லாபம். நீண்ட தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பவனைச் சுட்டால் பாதி குண்டுகள் குறி தவறும், பட்டவையும் குறைவாகவே காயப்படுத்தும். அங்கே நட்டம். ஆட்டக்காரர் இருப்பதை இன்னும் அறியாத எதிரிக்குக் காயம் இருமடங்கு. துப்பாக்கிச் சத்தம் திறந்த கதவுகள் வழியே அடுத்த அறைகளுக்கும் போய்க் காவலர்களை எழுப்பிவிடும். முதுகைக் காட்டி நிற்பவனிடம் பதுங்கிப் போய்க் கத்தியால் முடிப்பது அழகுக்காக அல்ல, குண்டை மிச்சம்பிடிக்க.

உடம்பு தேற நாய்ச்சோறு 4 புள்ளி, நல்ல சாப்பாட்டுத் தட்டு 10, முதலுதவிப் பெட்டி 25. உடல்நிலை முழுதாக 100 இருக்கும்போது இவற்றை எடுக்க முடியாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் எந்த மூலையில் எது கிடக்கிறது என்று நினைவில் வைத்திருந்து, அடிபட்ட பிறகு திரும்பி வந்து எடுக்கும் பழக்கம் பிறந்தது. பின்னால் வந்த பல விளையாட்டுகளுக்கும் அடித்தளமான பழக்கம் அது. இங்கே வரைபடமே சேமிப்புக் கிடங்கு.

டூம்: நான்கு கணக்குப் பேரேடுகள்

அதே நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் ஏற்றி வெளியிட்ட டூம், ஒரே பையை நான்காகப் பிரித்தது. பிஸ்டலுக்கும் செயின்கன்னுக்கும் குண்டுகள், உச்சவரம்பு 200. ஷாட்கன்னுக்குத் தோட்டாக்கள், 50. ராக்கெட்டுகள் 50. பிளாஸ்மா துப்பாக்கிக்கும் பி.எஃப்.ஜி. எனும் பேராயுதத்துக்கும் மின்கலங்கள், 300. முதுகுப்பை கிடைத்தால் நான்கும் இரட்டிப்பாகும். ஜான் கார்மாக் எழுதிய நிரலின் வேகமும் ஜான் ரொமேரோவும் சாண்டி பீட்டர்சனும் வடித்த களங்களும் புகழப்பட்ட அளவுக்கு இந்த நான்கு பிரிவுகள் புகழப்படவில்லை. என் கணிப்பில் டூம் இன்றும் ஆடப்படுவதற்கு இந்தப் பிரிவினையே பெருங்காரணம். ஒரு கையிருப்பு தீர்ந்தால் மற்றொன்று இருக்கும், ஆனால் அது இந்த எதிரிக்குத் தோதானதாக இருக்காது. அந்த இழுபறியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது.

எண்களைப் பார்த்தால் விளங்கும். ஷாட்கன் ஒருமுறை வெடித்தால் 7 ரவைகள் பறக்கும். ஒவ்வொரு ரவையும் 5, 10 அல்லது 15 புள்ளி காயம் தரும், சராசரி 10. நெருப்புருண்டை எறியும் இம்ப்பின் உயிர் 60 புள்ளி. கிட்ட நின்று சுட்டால் பெரும்பாலும் ஒரு தோட்டா போதும், எட்ட நின்றால் ரவைகள் சிதறி இரண்டு கேட்கும். முதல் தொகுதியின் கடைசிக் களத்தில் பேரன் (Baron) எனும் அரக்க வகையில் இரண்டு காத்திருக்கின்றன, தலைக்கு 1,000 புள்ளி. ஒரு ரவைகூட வீணாகாமல் சுட்டாலும் ஒன்றுக்கு 14, 15 தோட்டா ஆகும். ராக்கெட் நேராகப் பட்டால் சராசரி 90, கூடவே வெடிப்பின் வீச்சு 128 வரை, ஆக ஐந்தாறு ராக்கெட்டில் கதை முடியும். முந்தைய களங்களில் சில்லறை எதிரிகள்மேல் ராக்கெட்டை வீசித் தீர்த்தவருக்கு இங்கே அதன் அருமை தெரியும். 4,000 புள்ளி உயிருள்ள சைபர்டீமன்மேல் வெடிப்பின் வீச்சு பாயாது, நேரடி அடி மட்டுமே எடுபடும். ராக்கெட்டாலேயே அதை முடிக்க ஏறத்தாழ 45 வேண்டும். முதுகுப்பை இல்லாதவர் சுமக்க முடிந்தது 50. தவறவிட அனுமதி ஐந்தே ஐந்து!

டூம் 2 (1994) கொண்டுவந்த சூப்பர் ஷாட்கன் இந்தச் சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அது இரண்டு தோட்டாவுக்கு 20 ரவை தருகிறது. பழைய ஷாட்கன் அதே இரண்டு தோட்டாவுக்கு 14 தான் தரும். நெருக்கத்தில் புதியது லாபம். ஆனால் அதன் ரவைகள் மேலும் கீழுமாகவும் சிதறுவதால் தொலைவில் பழையதே சிக்கனம். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் பழைய ஷாட்கன்னைத் தூக்கி எறிவதில்லை.

அடிபட்ட எதிரி துடிக்கும் வாய்ப்பு இன்னொரு நுட்பம். துடிக்கும் கணத்தில் அது தாக்காது. மிதந்துவரும் ஒற்றைக்கண் காக்கோடீமனுக்கு இந்த வாய்ப்பு ஒவ்வோர் அடிக்கும் சரிபாதி. பிஸ்டல் குண்டும் செயின்கன் குண்டும் ஒரே காயத்தைத்தான் தரும், ஆனால் செயின்கன் நொடிக்கு எட்டுக்கு மேல் பொழிவதால் காக்கோடீமன் துடித்துக்கொண்டே இருக்கும், வாயைத் திறக்கவே விடாது. 400 புள்ளி உயிருக்கு 40 குண்டு செலவு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. குண்டைக் கொடுத்து உயிரை வாங்கும் பேரம் இது.

எதையுமே செலவழிக்காத பேரமும் உண்டு. ஓர் அரக்கன் எறிந்தது தவறி வேறு இனத்து அரக்கன்மேல் பட்டால், பட்டது திரும்பிப் பாயும். ஓர் இம்ப்பின் நெருப்பு இன்னோர் இம்ப்பைச் சுடாது, ஆனால் நடுவில் பிங்கி என்ற வேறோர் அரக்கன் வந்துவிட்டால் சண்டை மூண்டுவிடும். இருவருக்கும் நடுவே ஓடி, இருவரும் தன்னைக் குறிவைக்கச் செய்து, கடைசி நொடியில் விலகுவதுதான் வித்தை. டூம் 2இன் 20ஆம் களத்தில் சைபர்டீமனையும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பது இதற்காகவே. இரண்டையும் மோதவிட்டுத் தூணின் மறைவில் காத்திருந்தால், மிஞ்சியது குற்றுயிராய் நிற்கும். 7,000 புள்ளிக்கான செலவில் பெரும்பகுதியை அவையே ஏற்றுக்கொள்கின்றன. 20 புள்ளி காயத்தில் வெடித்து 128 வரை சேதம் தரும் பீப்பாய்களும் இப்படி இலவசமாய்க் கிடைக்கும் ஆயுதங்களே.

ஆர்ச்-வைல் இந்தக் கணக்கையே கலைத்துவிடும். செத்துக் கிடப்பவற்றை எழுப்பும் இந்த அரக்கன் உயிரோடு இருக்கும்வரை, செலவழித்த தோட்டாக்கள் மறுபடி கடனாக முளைக்கும். ஆகவே கூட்டத்தில் அது தலைகாட்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒதுக்கி வைத்த ராக்கெட்டுகளை அதன்மேல் இறக்குவார்கள்.

கவசத்திலும் கவனம் வேண்டும். பச்சைக் கவசம் அடியில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும், 100 புள்ளி. நீலம் பாதியைத் தாங்கும், 200 புள்ளி. நீலக் கவசம் தேய்ந்து 90க்கு வந்திருக்கும்போது பச்சைமேல் காலை வைத்தால் எண் 100 ஆகிவிடும், ஆனால் கவசம் பச்சையாக மாறிவிடும். பத்துப் புள்ளிக்கு ஆசைப்பட்டுப் பாதுகாப்பின் தரத்தை இழக்கும் இந்தத் தவற்றை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்திருப்பார்கள். முதல் களத்திலேயே ஜன்னல் வழியே முற்றத்தில் நீலக் கவசம் கண்ணுக்குத் தெரியும், போகும் வழியோ மறைவானது. தேடுபவனுக்கு வரவு உண்டு என்று தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான வளம் கால். நெருப்புருண்டை மெதுவாக வரும், பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பலாம். துப்பாக்கி ஏந்திய எதிரிகளின் குண்டு சுட்ட கணமே பாயும், நகர்ந்து தப்ப முடியாது, சுவரின் மறைவே கதி. எறிபவர்களிடம் திறந்தவெளியில் வட்டமிட்டும், சுடுபவர்களிடம் கதவோரம் ஒண்டியும் போரிடும் இரட்டைப் பழக்கம் இந்த வேறுபாட்டிலிருந்தே வந்தது. 1996இல் வெளியான ஃபைனல் டூமின் புளூட்டோனியா பகுதி, செயின்கன் ஏந்தியவர்களையும் துரத்தும் ஏவுகணை விடும் ரெவனன்ட்களையும் சேர்த்து நிறுத்தி, இரண்டு பழக்கங்களையும் ஒரே நேரத்தில் கேட்டது. அதன் கடுமைக்குக் காரணம் அதுதான்.

குவேக்: உயிரைக் கொடுத்து உயரம் வாங்குவது

1996 ஜனவரியில் வந்த டியூக் நியூகம் 3டி, வேண்டும்போது பயன்படுத்தும் மருந்துப் பெட்டியைக் கையில் கொடுத்தது. திரும்பி ஓடி வரும் தேவை குறைந்தது. ஜூன் 22 அன்று குவேக் வெளியானது. எதிரிக்கு ஏற்ற ஆயுதம் என்ற விதியை அது இறுக்கியது. அதன் ஜாம்பிகளை ஷாட்கன்னால் எத்தனை முறை சுட்டாலும் விழுந்து விழுந்து எழும், வெடித்துச் சிதறடித்தால்தான் சாகும். ஷாம்ப்ளர் என்ற வெள்ளை அரக்கனுக்கோ வெடிபொருளால் பாதிச் சேதம்தான். கையெறி குண்டை யாருக்கு வைத்திருப்பது என்பது இதனால் தானே முடிவாகிவிடுகிறது.

மனிதரோடு மனிதர் மோதும் டெத்மேட்சில்தான் குவேக் புதிய நுட்பத்தைக் கண்டது. எடுத்த கவசம் 20 நொடியில் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும், ஆயுதம் 30 நொடியில், நான்கு மடங்கு தாக்கும் குவாட் 60 நொடியில். கவசத்தை எடுத்த கணத்திலிருந்து மனத்துக்குள் நொடிகளை எண்ணி, அது முளைக்கும் நேரத்துக்குச் சரியாக அங்கே நிற்பவர் களத்தை ஆள்வார். எதிராளி எப்போதும் வெறும் 100 புள்ளியோடு, கவசமின்றிச் சண்டைக்கு வருவார். 1997இல் ரெட் அனைஹிலேஷன் போட்டியில் வென்று ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங், த்ரெஷ் என்ற பெயரில் ஆடியவர், குறிபார்ப்பதைப் போலவே இந்தக் காவலுக்கும் பெயர்போனவர். காலடியில் ராக்கெட்டை வெடித்து அந்த விசையில் உயரே தாவும் ராக்கெட் ஜம்ப்பும் ஒரு பண்டமாற்றுத்தான். உயிர்ப்புள்ளியைக் கொடுத்து உயரத்தையும் நேரத்தையும் வாங்குவது.

கையிருப்பு கரைந்த கதை

1998 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப், ஆயுதத்தில் மீண்டும் குண்டு நிரப்பும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தது. பதுங்கியிருப்பவரைக் கையெறி குண்டு வீசி வெளியே கிளப்பும் அதன் ராணுவ வீரர்கள், கதவோரத்தில் ஒண்டும் பழைய உத்திக்கு முடிவுகட்டினார்கள். 2001இல் ஹேலோ, இரண்டே ஆயுதங்களைச் சுமக்கவிட்டு, தானே ஊறும் கேடயத்தைத் தந்தது. 2005இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 2 உடல்நிலையையே தானாகத் தேற வைத்தது. ஒரு சுவரின் பின்னால் சில நொடி குந்தியிருந்தால் போதும். ஆட்டம் பலருக்கு எளிதாயிற்று, ஆனால் பத்து நிமிடத்துக்கு முன் செய்த ஊதாரித்தனம் இப்போது வந்து கழுத்தைப் பிடிக்கும் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

2016இல் புதிய டூம் தன் வழியில் விடை தேடியது. தள்ளாடும் எதிரியைக் கையால் முடித்தால் உயிர்ப்புள்ளி கொட்டும், செயின்சாவால் அறுத்தால் தோட்டாக்கள் கொட்டும். கிடங்கு சுவரோரத்திலிருந்து எதிரியின் உடம்புக்குள் இடம்மாறிவிட்டது. குறைந்துபோனால் பின்வாங்கக் கூடாது, கூட்டத்துக்குள் பாய வேண்டும்.

பழைய டூமும் ஓயவில்லை. 1997 டிசம்பரில் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டதிலிருந்து ரசிகர்கள் புதிய களங்களை வடித்தபடியே இருக்கிறார்கள். பழைய விளையாட்டில் செத்தால் களத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, சேர்த்ததெல்லாம் போய், பிஸ்டலும் 50 குண்டுகளுமாக நிற்க வேண்டும். அந்தத் தண்டனையையே இவர்கள் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு களத்தையும் அந்த வெறுங்கை நிலையிலிருந்து முடிக்க முடிகிறதா என்று சோதிப்பது வழக்கம். கைக்குத்து, செயின்சா, பிஸ்டல் மட்டும் கொண்டு களத்தைத் துடைத்தெடுக்கும் டைசன் என்ற போட்டிப் பிரிவும் உண்டு. அதில் பெர்செர்க் பெட்டி கிடைத்தால் குத்தின் பலம் பத்து மடங்காகி, 150 புள்ளி பிங்கி ஓரிரு குத்தில் சாயும். களம் வடிப்பவர் தன் படைப்பை முடித்ததும் மூலையில் கிடக்கும் 20 தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துவிட்டு, இன்னும் முடிக்க முடிகிறதா என்று பிஸ்டலோடு மறுபடி உள்ளே போகிறார்.