மருமக்கள்வழியும் பாடப்புத்தகக் குடும்பமும்

குடும்பம் பலவிதம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடமா, பெற்றோரா? காலை நடை நண்பர்களிடையே இப்போது இதுதான் பேச்சு. "அது வீட்டு விஷயம், வாத்தியாருக்கு அதில் என்ன வேலை?" என்கிறார்கள் பாதிப்பேர். நான் நாகர்கோவில் பக்கம் 32 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். வெளிநாட்டுக் கதை எதுவும் வேண்டாம், நாஞ்சில்நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே வேளாளரில் மக்கள்வழி, மருமக்கள்வழி என்று இரு பிரிவு இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மருமகன் என்றால் இங்கே மகளைக் கட்டியவன் அல்ல, உடன்பிறந்தாள் மகன். மருமக்கள்வழி வீட்டில் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். வீட்டை ஆள்பவர் காரணவர். பக்கத்திலேயே மக்கள்வழி வீட்டில் அப்பன் சொத்து பிள்ளைக்கு.

நாயர் தறவாட்டில் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். அவள் பிள்ளைகளுக்கு அங்கே உரிமை உண்டு. நம் ஊரில் பெண் கணவன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் கண்ணை மூடினால் சாவிக்கொத்து மருமகன் இடுப்புக்குப் போய்விடும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு. அதற்கும் வழக்காடிய வீடுகள் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த நூல். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பிப்போம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். 1925-இல் திருவிதாங்கூரில் நாயர் சட்டமும், 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்தன. பாகம் பிரிக்க வழி பிறந்தது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

இதை எட்டாம் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். பாடத்திட்டத்தில் கிடையாது, மழை பெய்து விளையாட்டு பீரியட் என்னிடம் வந்த நாள். எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கை உயரவில்லை. அத்தனையும் இந்த மண்ணின் பிள்ளைகள்! வீட்டில் ஏன் சொல்லவில்லை? வழக்கில் தோற்ற வீட்டுக்கு அந்தப் பேச்சே கசப்பு. ஜெயித்த வீட்டுக்குச் சங்கடம். பாடப்புத்தகத்திலோ அப்பா, அம்மா, ஒரு ஆண், ஒரு பெண். வேறு வீடு அதற்குத் தெரியாது.

பின்வரிசையில் ஒரு பையன், அம்மாவோடு மாமா வீட்டில் வளர்ந்தவன், எழுந்து கேட்டான்: "அப்போ சார், மாமா வளக்கது ஊர்ல எல்லாருக்கும் இருந்ததுதானா?" ஆமாம் என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து வேறொரு பையனின் தகப்பனார் வந்தார். "சாதிக் கதைய வகுப்புல எதுக்கு சார் பேசுதீங்க? எங்க குடும்பத்தப் பத்தி எங்க பிள்ளைக்கு நாங்க சொல்லிக்கிடுவோம்."

"சொல்லிட்டீங்களா?"

"பெரியவனான பொறவு சொல்லலாம்னு..."

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பிள்ளையையும் எழுப்பி 'உன் வீட்டில் யார் யார்?' என்று வாத்தியார் கேட்கக் கூடாது. நான் கேட்டதும் இல்லை. அது வீட்டுக்காரர் சொல்ல வேண்டியது. ஆனால் அடுத்த வீடு வேறு மாதிரி இருக்கலாம் என்பதை எந்த வீடு சொல்லித்தரும்? நம் வீடுகளில் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசினால் அது வம்பாகத்தான் முடியும். அந்த வேலையைப் பள்ளிதான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நடை நண்பர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் பாகப்பத்திரமோ உகந்துடைமைக் காகிதமோ கிடந்தால், கரையான் அரிக்குமுன் பேரப்பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். காரணவர் யார், அனந்தரவர் யார் என்று படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், படித்துவிடலாம்.