வரம்பை வகுப்பது யார்?

'அல்காரிதம்' என்னும் சொல் இன்று கணிப்பொறி கற்போர் அனைவரின் நாவிலும் புழங்குகின்றது. கலீஃபா மஃமூன் காலத்தில் (கி.பி. 813–833) பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயரே இலத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே.

அன்னாரின் 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலில் மீராஸ், வஸிய்யத் கணக்குகளுக்கென நீண்டதொரு பகுதி உண்டு. மனைவிக்கு இன்ன பங்கு, மகளுக்கு இன்ன பங்கு என வரம்பு முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அவ்வரம்புக்குள் நின்று விடை காண்பதே கணக்கின் பணி. வழி பிசகாது சென்றால் விடை உறுதி.

பொறியியலிலும் வரம்புகள் உண்டு. ஆனால் அங்கே விடைகள் எண்ணிலடங்கா. பாலத்தின் உத்திரம் பாரம் தாங்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி வளையலாகாது. இரும்பும் குறைவாகச் செலவாக வேண்டும். எல்லா அமைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது.

1964இல் மேற்கு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வேஃபெல் முதலிய மாணவர்கள் புதுவழி ஒன்றைச் சோதித்தனர். ஆறு பட்டைகளை ஐந்து கீல்களால் இணைத்த தகட்டைக் காற்றோட்டத்தில் நிறுத்தினர். கீல் ஒவ்வொன்றுக்கும் 51 நிலைகள். ஆக 34 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள். காற்றை மிகக் குறைவாக எதிர்ப்பது நேரான தகடே என்பது முன்பே தெரிந்ததுதான். தேடும் முறைக்கே அங்கு தேர்வு. கீல்களைக் குருட்டாம்போக்கில் சிறிது மாற்றினர். எதிர்ப்புக் குறைந்தால் புதிய வடிவை வைத்துக்கொண்டனர். இல்லையேல் பழையதற்கே மீண்டனர். சில நூறு சோதனைகளில் கோணல் தகடு நேராயிற்று.

ஆயினும், சிறு குன்றேறியவன் அதையே சிகரமென்று எண்ணி நின்றுவிடக் கூடுமல்லவா? 1983இல் ஐ.பி.எம். ஆய்வாளர்களான கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகியோர் இதற்கு உலைக்களத்தை உவமையாகக் கொண்டனர். காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் சீராக அமையும். அதுபோலத் தேடலின் தொடக்கத்தில் தாழ்ந்த விடையையும் சில வேளை ஏற்று, போகப் போக அத்தளர்வைக் குறைத்தனர். இத்தகைய முறைகளுக்கு 1986இல் ஃபிரெட் குளோவர் 'மெட்டாஹியூரிஸ்டிக்' எனப் பெயரிட்டார்.

வரம்பு மீறும் விடைக்கு அபராதம் விதிப்பதும் இம்முறைகளில் வழக்கம். எத்துணை மலிவான உத்திரமாயினும், பாரம் தாங்காதெனில் அபராதம் ஏறிப் பின்தள்ளப்படும். எல்லாக் கணக்குகளுக்கும் சிறந்ததான ஒரே முறை இல்லையென 1997இல் வோல்பர்ட்டும் மக்ரெடியும் நிறுவினர்.

ஆகவே இம்முறைகள் நல்ல விடையைத் தரும். அதுவே தலைசிறந்த விடை என்று சத்தியம் செய்வதில்லை. பாதுகாப்போ, வகுத்த வரம்பைப் பொறுத்தது. பாலம் ஏற்கவேண்டிய பாரத்தைப் பொறியாளர் குறைத்து எழுதிவிட்டால், கணிப்பொறி அப்பிழையையே நேர்த்தியாக நிறைவேற்றும். வரம்புக்குள் தேடுவது கணக்கின் வேலை. வரம்பை வகுப்பது மனிதனின் பொறுப்பு.

வாரிசு ஒருவரை விட்டுவிட்டுப் போட்ட மீராஸ் கணக்கும் கூட்டலில் சரியாகவே இருக்கும். ஆயினும் அது அநீதியே அன்றோ!